8 ஜிபி போதுமா? கணக்கைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்

ஒளிச்சிற்பி:
பகலில் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் வேலை, இரவில் விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே கணினி, கையிருப்பு நடுத்தரம், எந்தக் கிராபிக்ஸ் அட்டை வாங்கலாம் என்று புதுமுகம் கேட்டார். "ஆர்டிஎக்ஸ் 4060 வாங்குங்கள், அட்டையின் நினைவகம் 8 ஜிபி இருந்தால் தாராளம், 12 ஜிபி எல்லாம் வெறும் விளம்பரம்" என்று குறிதவறான் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தம்பி புதுமுகம், ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி வகையை வாங்குங்கள்.

டெக்ஸ்சர் என்பது பொருளின் மேற்பரப்பில் போர்த்தும் படம். 4096-க்கு 4096 புள்ளி அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், புள்ளிக்கு 4 பைட் வீதம், 64 எம்பி. ஒரு பொருளுக்கு நிறப்படம் ஒன்று, மேடுபள்ளம் காட்டும் நார்மல் படம் ஒன்று என்றாலே 128 எம்பி ஆகிவிடும். 30 பொருள் உள்ள ஒரு வரவேற்பறைக் காட்சியில் இதுவே 3,840 எம்பி. மரம், புல், திரைச்சீலை ஆகியவற்றின் வடிவக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. திரையைக் காட்டும் வேலைக்கும் அதே நினைவகத்தில் பங்கு போகிறது. இதில் எங்கே இருக்கிறது தாராளம்?

குறிதவறான்:
2021-இல் வந்த அட்டையை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 4060 எடுப்பது 115 வாட், 3060 எடுப்பது 170 வாட். ஃபிரேம்களை இடையில் உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 3 வசதி 3060-இல் கிடையாது. காட்சி நினைவகத்துக்குள் அடங்கினால் பிளெண்டரிலும் 4060தான் முந்துகிறது. என்னிடம் 8 ஜிபி அட்டைதான் இருக்கிறது. எந்த விளையாட்டும் திணறியதில்லை. 8 போதும்.

ஒளிச்சிற்பி:
"அடங்கினால்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. விளையாட்டில் திணறவில்லை என்பதைச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். விளையாட்டில் டெக்ஸ்சர் சுருக்கிய வடிவிலேயே அட்டைக்குள் போகிறது. நான் சொன்ன 64 எம்பி படம் பிசி7 என்னும் சுருக்கும் முறையில் 16 எம்பிதான். நான் வேலை செய்யும் பிளெண்டர் 4.2-இல், காட்சியை இறுதிப் படமாக்கும் (ரெண்டர் செய்யும்) சைக்கிள்ஸ் என்னும் பகுதி அதை விரித்த வடிவிலேயே ஏற்றுகிறது. நான்கு மடங்கு வேறுபாடு. இதற்கு விடை சொல்லுங்கள்.

குறிதவறான்:
விடை எளிது. பிளெண்டர் அமைப்புகளில் சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் வரம்பை 2048 ஆக்குங்கள். நினைவகத் தேவை நான்கில் ஒரு பங்காகிவிடும். கருவியைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள்தான் பெரிய அட்டை கேட்கிறார்கள். 8 போதும்.

ஒளிச்சிற்பி:
ஒன்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் சோறு உண்கிறேன். எனக்குக் கருவி தெரியாது என்கிறீர்களா? அந்த வரம்பு காட்சி முழுவதற்கும் பொருந்தும். தொலைவில் இருக்கும் சுவருக்கும் அதே 2048, கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் தேக்கு மேசைக்கும் அதே 2048. மேசையின் ரேகைகள் கரைந்து, பழுப்பு நிறத்தில் பூசிய அட்டைபோலத் தெரியும். அதை வாடிக்கையாளர் முன் வைத்துப் பாருங்கள்.

என் பழைய 8 ஜிபி அட்டையில் நடந்ததைச் சொல்கிறேன். உள்ளரங்கக் காட்சி, ஒரு ஃபிரேம் நான்கு நிமிடம். கடைசி நேரத்தில் ஒரு தோல் சோபாவும் இரண்டு செடிகளும் சேர்த்தேன். அதே ஃபிரேம் முப்பத்தொரு நிமிடம் ஆனது. நினைவகம் நிறைந்து, மிச்சம் கணினியின் பொது நினைவகத்துக்கு வழிந்துவிட்டது. விடியும்வரை கண்கொட்டாமல் உட்கார்ந்து, செடியின் இலைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். அந்த இரவு புதுமுகத்துக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

வழிந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 4060 மதர்போர்டோடு பேசுவது 8 பாதைகளில், 3060 பேசுவது 16 பாதைகளில். பாதை ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் ஓடும் பழைய பிசிஐ 3.0 போர்டில் 4060-ஐச் செருகினால் அந்த வழியும் குறுகிவிடும். நினைவகப் பாதையும் 128 பிட்தான், 3060-இல் 192 பிட்.

குறிதவறான்:
பிட் அகலத்தை மட்டும் சொல்லி மறைக்காதீர்கள். 4060-இல் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 24 எம்பி, உங்கள் 3060-இல் 3 எம்பி. அதையும் எழுதுங்கள்.

ஒளிச்சிற்பி:
எழுதிவிட்டேன். கேஷ் வேகத்துக்கு உதவும், கொள்ளளவைக் கூட்டாது. குடம் சிறியதாக இருக்கும்போது குழாயைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மின்னோட்டம்:
இருவரும் பவர் சப்ளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மலிவானதை வாங்கினால் எந்த அட்டையும் நிலைக்காது. 80 பிளஸ் கோல்டு என்னும் தர முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஒளிச்சிற்பி:
கண்ணைத் திறந்தே வாங்குங்கள். அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரத்துக்கோ பாதுகாப்புச் சுற்றுக்கோ அது உறுதி தருவதில்லை. போன மாதம் "இரண்டு 8 ஜிபி ரேம் குச்சி வேண்டாம், ஒரே 16 ஜிபி குச்சி போடுங்கள்" என்று ஒருவரை, வேகம் குறைந்த ஒற்றைச் சேனலில் ஓடவிட்டவரும் நீங்கள்தான்.

மின்னோட்டம்:
பின்னால் இன்னொரு குச்சி சேர்ப்பதற்காகச் சொன்னேன். அந்தப் பேச்சை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? யார் வாய் திறந்தாலும் பாடம் எடுக்கிறீர்கள்.

புதுமுகம்:
ஐயா, செயலி எது வாங்கலாம்? ரைசன் 5 5600 பார்த்து வைத்திருக்கிறேன். ஆறு கோர் ரெண்டருக்குப் போதுமா?

ஒளிச்சிற்பி:
சைக்கிள்ஸை அட்டையில் ஓட்டினால் ஆறு கோர் போதும், தம்பி. அதில் மிச்சமாகும் பணத்தை 12 ஜிபி-யில் போடுங்கள்.

குறிதவறான்:
புதுமுகம், அந்தச் செயலி அமரும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது, இனி வளர வழியில்லை. அடுத்து வந்த ஏஎம்5 பாருங்கள். ஒளிச்சிற்பி, எல்லோரையும் தம்பி என்று அழைத்துப் பெரியவராகிவிட முடியாது. 16 ஜிபி-யோடு 4060 டிஐ இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை?

ஒளிச்சிற்பி:
அவர் கையிருப்புக்கு அது எட்டாது, அதனால் சொல்லவில்லை. 8 போதும் என்றவர் இப்போது 16 என்கிறீர்கள்.

குறிதவறான்:
நான் மாறவில்லை. உங்களைப் போல் இலையை அழித்துக்கொண்டிருப்பவருக்கு 16. மற்றவர்களுக்கு 8 போதும்.

ஒளிச்சிற்பி:
புதுமுகம் செய்யப்போவதும் அதே வேலைதான், முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார். 30 பொருளுக்கு 3,840 எம்பி. அந்தக் கணக்கில் எந்த எண் தவறு? இன்னும் நீங்கள் சொல்லவில்லை.