பேட்டரி பொக்லைன்: இப்போ எடுக்கலாமா, பொறுக்கலாமா?

கொங்கு_ஓனர்
ரெண்டு பொக்லைன் ஓடுது. மூணாவதை பேட்டரியில எடுக்கலாமான்னு யோசனை. மணிக்கு 5 லிட்டர், எட்டு மணி நேரம்னா 40 லிட்டர். டீசலுக்கே 3,700 ரூபாய்கிட்ட போயிடுது. போதாக்குறைக்கு 2025 ஜனவரியில கட்டுமான வண்டிகளுக்கு சிஇவி-5 மாசு விதி வந்ததுல புது டீசல் வண்டி விலையும் ஏறிப்போச்சு.

வயரிங்_மணி
தாராளமா எடுங்கண்ணே. லிட்டர் டீசல்ல சுமார் 10 யூனிட் சக்தி இருக்கு. இன்ஜின் அதுல மூணுல ஒரு பங்கைத்தான் வேலையா மாத்தும், மிச்சம் சூடாப் போயிடும். உங்க 40 லிட்டர் வேலைக்கு 135 யூனிட் போதும், சார்ஜ் ஏத்துற நஷ்டம் சேர்த்து 150, 160 வைங்க. டெம்பரவரி கனெக்‌ஷன்ல யூனிட் 12 ரூபாய்க்கு மேலன்னாலும் 2,000 ரூபாய்ப் பக்கம்தான் வரும். ஆபரேட்டர் டீ குடிக்கப் போனா வண்டி சும்மா உறுமிட்டு நிக்காது. டேங்க்ல ட்யூப் விட்டு உறிஞ்சி விக்கிற வேலையும் நடக்காது (இதைப் படிச்சு சில பேர் முகம் சுளிப்பாங்க).

ஜல்லி_சரவணன்
கணக்கு சரி தம்பி, பிளக் எங்க? 150 யூனிட்டை ராத்திரி பத்து மணி நேரத்துல ஏத்த 15 கிலோவாட் வேணும், மூணு பேஸ். வீடு கட்டுற சைட்டுல சிங்கிள் பேஸ்ல கலவை மெஷினும் தண்ணி மோட்டாரும் சேர்ந்து ஓடினாலே பல்பு மங்குது. பொக்லைன் பொழப்பு என்னன்னு தெரியும்ல? காலையில அஸ்திவாரம், மத்தியானம் செப்டிக் டேங்க், சாயங்காலம் யாரோ ஒருத்தர் தோட்டத்துல வரப்பு. ராத்திரி எந்த ஊர்ல நிக்கும்னு ஓனருக்கே தெரியாது. டீசல் தீர்ந்தா பைக்ல கேன் வந்துடும். ஜெனரேட்டர் வச்சு சார்ஜ் போடுறது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை.

வயரிங்_மணி
நார்வேல ஆஸ்லோ நகரத்துல 2019லயே ஒரு தெருவையே மின் இயந்திரத்தால போட்டாங்க. 2025லேர்ந்து மாநகராட்சி வேலை எல்லாத்துக்கும் அதுதான் விதி.

ஜல்லி_சரவணன்
அங்க டெண்டர்லயே புகையில்லாத மெஷினுக்கு மார்க் போட்டான். நம்ம டெண்டர்ல யார் கம்மியோ அவனுக்குத்தான் வேலை. அந்த மார்க்கை இங்க யார் போடுவா?

சைட்_இன்ஜினியர்
ரெண்டு பேரும் பொக்லைனையே புடிச்சுத் தொங்குறீங்க. சென்னை மெட்ரோவுக்கு சுரங்கம் தோண்டுற டிபிஎம் முழுக்க கரண்ட். டவர் கிரேனும் அப்படித்தான். ஒரே இடத்துல நிக்கிற மெஷினெல்லாம் எப்பவோ மாறிடுச்சு. அலையுறதுதான் பாக்கி. அதனால கல் உடைக்கிற கிரஷர்ல ஜல்லி அள்ளுற லோடர்லேர்ந்து ஆரம்பிக்கணும். அங்க எச்டி (உயர் அழுத்த) கனெக்‌ஷன் ஏற்கெனவே இருக்கு, வண்டியும் காம்பவுண்டைத் தாண்டாது. சீனாக்காரன் பேட்டரி லோடரை அப்படித்தான் பெருக்கினான்.

வயரிங்_மணி
குவாரி டிப்பரையும் சேருங்க சார். சுவிட்சர்லாந்துல ஒரு சுண்ணாம்புக்கல் குவாரில 65 டன் ஏத்துற மின் டம்பர் இறங்கும்போதே பேட்டரியை நிரப்பிக்குது.

ஜல்லி_சரவணன்
அது மலைக் குவாரி. காலியா ஏறி, லோடோட இறங்குது. நம்ம ஊர்ல குவாரின்னா பள்ளம். லோடோட மேல ஏறணும், காலியா இறங்கணும். எதை நிரப்பும்?

வயரிங்_மணி
சரி, டிப்பரை விட்டுடறேன். லோடர் வாதம் நிக்குதா இல்லையா?

ஜல்லி_சரவணன்
ஒரு ஷிப்ட் ஓடுற கிரஷர்னா நிக்கும். ரெண்டு ஷிப்ட்னா எப்ப சார்ஜ் போடுவே? மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஏத்துற அளவுக்கு ஃபாஸ்ட் சார்ஜர் வேணும். அதுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் கேட்பான்.

கொங்கு_ஓனர்
எனக்கு கிரஷர் இல்லையே சார், பொக்லைன்தான். நேத்து பேங்க்ல லோன் விசாரிச்சேன். டீசல் வண்டின்னா அஞ்சு வருஷம் கழிச்சு என்ன விலைக்குப் போகும்னு மேனேஜர் வாய்க்கணக்காச் சொல்றார். பேட்டரின்னதும் பேனாவைக் கீழ வச்சுட்டார். இங்க யாராவது பேட்டரி மெஷினை செகண்ட்ஸ்ல வித்திருக்கீங்களா? என்ன விலைக்குப் போச்சுன்னு போடுங்க.