புதுப்பிப்பு: மீட்டர் கேஜ் கூட்ஸ் பெட்டி, தண்டவாளம் முடிவாச்சு

வேலூர் கன்டோன்மென்ட் வழியா காட்பாடி–விழுப்புரம் லைன்ல ஓடின மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி 1000 மி.மீ.) கூட்ஸ் பெட்டியை 1:87 அளவுல, அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு மாடலா செய்ய எந்தத் தண்டவாளம் வைக்கலாம்னு கேட்டிருந்தேன் இல்லையா? 12 மி.மீ. இடைவெளித் தண்டவாளம் போட்டாச்சு. 1000-ஐ 87-ஆல வகுத்தா 11.5தான் வருது, ஆனா அந்த அரை மில்லி கண்ணுக்கே தெரியல. 16.5 மி.மீ. தண்டவாளத்துலயும் வச்சுப் பார்த்தேன். பெட்டி காலை அகட்டி நிக்குது, சகிக்கல.

பெட்டித் தகடு மேல புடைச்சுத் தெரியற ஆணித் தலை, அந்த ரிவெட்தான் உயிரை வாங்குது. அலுமினியத் தாளைப் பின்பக்கமா ஊசியால அமுக்கி, புடைச்ச பக்கம் வெளிய வர்ற மாதிரி ஒட்டறேன். துளி அழுத்தம் கூடினா பொத்தல்! இப்போதைக்கு கதவு மட்டும் முடிஞ்சிருக்கு.

பெட்டியில எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன் ரயில்வே)னு எழுதச் சொன்ன அண்ணே, 1951 ஏப்ரல்லயே தெற்கு ரயில்வே வந்துடுச்சு. நான் செய்யறது அதுக்கு அப்புறத்துப் பெட்டி, அதனால எஸ்.ஆர். (சதர்ன் ரயில்வே)தான். பெயின்ட் அடிச்சதும் படம் போடறேன்.