டீஜே மேசையில் காது இரைச்சல்: மொனிட்டரைக் குறைப்பதா, இயர்பிளக் போடுவதா?

ராகலை பீட்ஸ்:
அண்ணன்மாருக்கு வணக்கம். நுவரெலியா ஏப்ரல் சீசனுக்கு ஒரு கிளப்பில் வாரம் 4 இரவு, தலா 5 மணித்தியாலம். ஆட்களுக்குக் கேட்கும் 15 இஞ்சி டொப் ஸ்பீக்கர் இரண்டு, 18 இஞ்சி பேஸ் பொக்ஸ் இரண்டு. மொனிட்டர், அதாவது எனக்கு மட்டும் கேட்க வைத்த ஸ்பீக்கர், பின்சுவரில், பிடரிக்கு நேரே. குளிருக்கு ஜன்னல் எல்லாம் அடைப்பு. முடிந்த பிறகு காதில் 'ங்ஙீ' என்ற இரைச்சல் அடுத்த நாள் பகல் வரை நிற்கிறது, வலது காதில் கூடுதலாக. பஞ்சு வைத்தால் போதுமா?

கொட்டகலை சவுண்ட்ஸ்:
பஞ்சு போதாது தம்பி. அது சத்தத்தை மழுக்குமே தவிர, தேவையான அளவுக்குத் தடுக்காது.

முதலில் மொனிட்டரைப் பாருங்கள். 10 மீட்டர் தள்ளி நிற்கும் டொப்பின் சத்தம் மேசைக்கு வர சுமார் 29 மில்லிசெக்கன் எடுக்கும், அதனால் பீட் பிந்திக் கேட்கும். மொனிட்டர் இருப்பது அந்தப் பிந்தலைச் சமாளிக்கத்தான். பிடரிக்குப் பின்னால் இருந்தால் தெளிவு கிடைக்காது, தெளிவில்லாததால் கூட்டிக்கொண்டே போவீர்கள். அதைக் கழற்றி 8 அல்லது 10 இஞ்சி பொக்ஸ் ஒன்றை மேசையின் பக்கவாட்டில், காது உயரத்தில், 1 மீட்டர் தூரத்தில் முகத்தைப் பார்த்து வையுங்கள். 2 மீட்டரில் இருந்ததை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் நேரடிச் சத்தம் 6 டெசிபல் கூடும், எனவே மிக்ஸரில் மொனிட்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பூத் குமிழைத் தாராளமாக இறக்கலாம்.

காது களைக்காத நேரத்தில், ஆள் சேரும் முன்பே, அந்தக் குமிழை வைத்து டேப் ஒட்டி அடையாளம் போடுங்கள். 2 மணித்தியாலம் போனதும் காது மந்தமாகி "சத்தம் பத்தலையே" என்று தோன்றும். கை தானாகக் குமிழுக்குப் போகும், டேப்பைத் தாண்டக் கூடாது.

டொப் இரண்டும் மேசைக்கு முன்னால், உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். பேஸ் எப்படியும் பின்னால் சுற்றி வரும், மேசையை மட்டும் பேஸ் பொக்ஸ் மேல் வைக்காதீர்கள். அடைத்த ஹோலில் கண்ணாடியும் டைலும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பும். பின்சுவரில் தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால் கிறீச்சென்ற மேல்சத்தம் அடங்கும், பேஸ் அடங்காது. மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியவே விடாதீர்கள். கிளிப்பான, அதாவது அளவு மீறி உடைந்த, சத்தத்தில் ஏறுகிற கூர்மைதான் காதை அறுக்கும்.

வலது காதில்தானே ஹெட்போனைப் பிடிக்கிறீர்கள்?

பதுளை செவிச்சோதனை:
கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் (NIOSH) வேலை செய்பவருக்குப் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 94இல் 1 மணித்தியாலம், 100இல் 15 நிமிடம். மேசையில் 100 இருந்தால் முதல் நாலைந்து பாட்டிலேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடும்.

மறுநாள் இரைச்சல் போய்விட்டால் காது முழுதாகத் தேறிவிட்டது என்று எண்ண வேண்டாம். உட்செவியின் மயிர்க்கலங்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. சத்தத்தால் வரும் பாதிப்பு ஓடியோகிராம் என்ற செவிச்சோதனை வரைபடத்தில் முதலில் 3000 முதல் 6000 ஹேர்ட்ஸில், பெரும்பாலும் 4000இல், பள்ளமாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும், அதனால்தான் பலர் காலம் கடந்து வருகிறார்கள். சோதனைக்கு முந்திய 16 மணித்தியாலமாவது சத்தத்தில் நிற்காமல் வாருங்கள். பதுளையிலும் கண்டியிலும் பெரிய அரச வைத்தியசாலைகளில் காது மூக்கு தொண்டை கிளினிக் இருக்கிறது.

ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். ஸ்டீரொய்ட் மருந்து ஆரம்ப நாட்களில்தான் நன்றாக உதவும். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ராகலை பீட்ஸ்:
ஆமாம் அண்ணே, ஹெட்போன் வலது காதில்தான். பாமசியில் கிடைக்கும் ஸ்பொஞ்ச் பிளக் சரியா? போட்டால் பீட் கேட்குமா?

பதுளை செவிச்சோதனை:
ஸ்பொஞ்ச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும், ஆனால் ட்ரம்ஸின் ஹை-ஹெட் தட்டு மாதிரி மேல்சத்தத்தை அதிகம் வெட்டுவதால் பாட்டு போர்வைக்குள் கேட்பது போலிருக்கும். இசைக்காரருக்கான ஃபில்டர் பிளக் எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். காது அச்சு எடுத்துச் செய்வதில் 9, 15, 25 டெசிபல் ஃபில்டர் உண்டு, உங்களுக்கு 15. அது வரும்வரை ஸ்பொஞ்சை மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை 30 செக்கன் விரலால் பிடியுங்கள். பாதி வெளியே துருத்தினால் பாதி வேலையும் செய்யாது.

கொட்டகலை சவுண்ட்ஸ்:
ஒரு காதைத் திறந்துவிட்டு மற்றதில் கேட்கும்போது, வெளிச்சத்தத்தை வெல்ல ஹெட்போன் சத்தத்தை ஏற்றுவீர்கள். வலது காது கெடுவது அதனால்தான். இரண்டு காதிலும் போட்டு, கியூ மிக்ஸ் குமிழால் அடுத்த பாட்டையும் ஓடும் பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பிளக் மேலேயே ஹெட்போன் போடலாம், பீட் கேட்கும். பிளக்கைக் கழற்றுவதென்றால் முதலில் ஹெட்போன் சத்தத்தை இறக்கிவிட வேண்டும். சொந்தக் குரல் தலைக்குள் முழங்குவது பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதனால் வீட்டில் 2 மணித்தியாலம் மிக்ஸ் பண்ணிப் பார்த்துவிட்டு சீசனுக்குப் போங்கள்.