இருபுற வெப்பநிலை மாறாதபோது வெப்ப ஓட்டம் இரண்டு நிலைகளில் நிற்குமா?

கேள்வி: முதுகலை மாணவி, காரைக்குடி

வணக்கம். ஒருபுறம் 80 டிகிரியும் மறுபுறம் 30 டிகிரியும் மாறாமல் இருக்கையில், இடையிலுள்ள பொருளின் வழியே செல்லும் வெப்பம், கூடுதல், குறைவு என்ற இரண்டு அளவுகளில் எதிலும் நிலைத்து நிற்கும்படி வடிவமைக்க முடியுமா? வனேடியம் டை ஆக்சைடு 68 டிகிரியை ஒட்டி உலோகத் தன்மைக்கு மாறுவதால், அது போதும் என்று எண்ணுகிறேன். எங்கள் பக்கத்து மொட்டைமாடிகளில் இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

பதில்: இயற்பியல் ஆசிரியர், தேவகோட்டை

நல்ல கேள்வி, அம்மா. ஆனால் கடத்துதிறன் அந்தந்த இடத்தின் வெப்பநிலையை மட்டுமே சார்ந்திருந்தால், அது எவ்வளவு செங்குத்தாகத் தாவினாலும் ஓட்டம் ஒன்றுதான். கடத்துதிறனை 30 முதல் 80 வரை தொகையிட்டுத் தடிமனால் வகுத்தால் ஓட்டம் கிடைத்துவிடுகிறது. கிர்க்காஃப் உருமாற்றம் சொல்வது இதைத்தான். வனேடியம் டை ஆக்சைடு சூடேறும்போது மாறும் வெப்பநிலையும் குளிரும்போது திரும்பும் வெப்பநிலையும் சில டிகிரி வேறுபடுகின்றன. அந்தத் தயக்கத்தால் இரண்டு நிலைகள் வரலாம், ஆனால் இடைவெளி குறுகியது.

பதில்: பொருளறிவியல் ஆய்வாளர், காரைக்குடி

ஆசிரியர் சொன்ன தடையைத் தாண்ட, ஓரிடத்தின் கடத்தலை வேறோர் இடத்தின் வெப்பநிலை ஆள வேண்டும். இஸ்திரிப்பெட்டித் தெர்மோஸ்டாட்டில் உள்ளதைப் போன்ற ஈருலோகத் தகடு ஒன்றைச் சூடான புறத்துடன் 1 அலகு வெப்பத்தடை வழியாக இணையுங்கள். தகடு 55 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த புறத்தைத் தொட்டு (தடை 0.25), அதற்கு மேலே வளைந்து விலகட்டும் (தடை 4). தொட்டிருக்கையில் ஓட்டம் 40, தகடு 40 டிகிரி. ஆகவே தொட்டபடியே இருக்கும். விலகியிருக்கையில் ஓட்டம் 10, தகடு 70 டிகிரி. ஆகவே விலகியே இருக்கும். 55 டிகிரியிலும் ஒரு சமநிலை உண்டு, ஆனால் சிறு அசைவிலேயே அது ஏதேனும் ஒரு பக்கம் சரிந்துவிடும். தகடும் இடைவெளியும் கொண்ட இப்படிப்பட்ட சிறு அறைகளை வெப்பம் பாயும் திசையில் அடுக்கினால் நிலைகளின் எண்ணிக்கை பெருகும், ஆனால் ஒவ்வொன்றின் வெப்பநிலையும் அண்டை அறையைச் சார்ந்துவிடுவதால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

மாணவி: மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் மொட்டைமாடிக்கு?

ஆய்வாளர்: மாடிக்குத் தேவைப்படுவது வெயிலுக்கேற்ப மாறும் தகடு, நினைவு வைத்திருக்கும் தகடு அன்று. இருநிலைத் தகடு மாலையில் ஓரளவு குளிர்ந்தாலும் பகல் நிலையிலேயே நிற்கக்கூடும், அப்போது அதைத் திருப்பத் தனியாக ஒரு தூண்டல் வேண்டும். முதலில் ஆய்வகத்தில், வெற்றிட இடைவெளியில் ஒரே ஒரு தகட்டைச் செய்து, தொடும் இடத்தின் தடையை அளந்து பாருங்கள். அந்த எண் 0.25-ஐ விடப் பெரிதாக வந்தால் இரண்டு நிலைகளும் நெருங்கிவிடும்.