தெக்குப் பக்கம் கோணலா நாலு நட்சத்திரம், அது என்ன?

மொட்டமாடி:
ஒரு வாரமா நைட் 9 மணிக்கு மேல மாடில படுத்துட்டு பாக்கறேன், தெக்கால நல்லா உசரத்துல நாலு நட்சத்திரம் கோணல் சதுரம் மாதிரி தெரியுது, பெரிய பிரகாசம் இல்ல ஆனா சுத்தி வேற எதுவும் இல்லாததால கண்ணுல பட்டுடுது. என்ன பேரு? பொண்ணு கதை வேற கேக்கறா.

கைம்மீன்:
கார்வஸ், அதாவது காக்கா. சப்தரிஷியோட வால் வளைவை அப்படியே நீட்டுங்க, ஆரஞ்சு கலர்ல சுவாதி வரும், இன்னும் நீட்டுனா வெள்ளையா சித்திரை, அதே வளைவுல இன்னும் கொஞ்சம் போனா இந்த நாலும் மாட்டும். நம்ம அஸ்தம் நட்சத்திரம் இதுதாங்க, அஸ்தம்னா கை. வலது கீழ் மூலைக்குக் கீழ மங்கலா அஞ்சாவது ஒண்ணு இருக்கு, அஞ்சு விரல், அதான் கை.

ராத்திரிவானம்:
கதை கிரேக்கத்துது. அப்பல்லோங்கற கடவுள் பூஜைக்கு தண்ணி கொண்டுவர காக்காகிட்ட கிண்ணம் குடுத்து அனுப்பறார், அது வழியில அத்திமரத்தப் பாத்து, காய் பழுக்கட்டும்னு நாள்கணக்கா உக்காந்துட்டு, தின்னு முடிச்சதும் ஒரு தண்ணிப்பாம்பத் தூக்கிட்டு வந்து இவன்தான் ஊத்த மறிச்சான்னு பொய் சொல்லுது. அவருக்குத் தெரியாதா? இனி அத்தி காயா இருக்கற வரைக்கும் உனக்கு எந்த ஊத்துலயும் தண்ணி கிடையாதுன்னுட்டார். வானத்துல பாருங்க, காக்காவுக்கு வலது பக்கம் கிண்ணம், ரெண்டுக்கும் அடியில நீளமா ஹைட்ரா பாம்பு. ரோமக் கவிஞர் ஓவிட் இதை ஃபாஸ்டிங்கற கவிதை நூல்ல எழுதியிருக்கார்.

கைம்மீன்:
ஒண்ணு சேத்துக்கறேன், பாம்பும் காக்காவும் கிரேக்கத்துக்கு முன்னாடியே பாபிலோன்ல உண்டு, முல்.அபின்ங்கற அந்தக் கால நட்சத்திரப் பட்டியல், களிமண் பலகைல இருக்கறது, அதுல காக்கா மழைக்கடவுள் அதாதோட நட்சத்திரம். அதனால படம்தான் முதல்ல, அத்திப்பழக் கதை அப்புறம் கோத்ததுனு எனக்குப் படுது. மே நடுவுல 9 மணிக்கு இது தெக்குல உச்சிக்கு வரும், அப்ப நேர் கீழ அடிவானத்துகிட்ட சதர்ன் கிராஸ், சிலுவை மாதிரி இருக்கற நட்சத்திரக் கூட்டம், விட்டுடாதீங்க.

மொட்டமாடி:
ரொம்ப நன்றிங்க, சித்திரை வரைக்கும் வளைவு போட்டுப் பாத்துட்டோம், கிண்ணம் மட்டும் தெருலைட்ல தெரியல, அமாவாசைக்கு ஊருக்குப் போய்த்தான் பாக்கணும். பொண்ணு வெயில் காலத்துல தினமும் காக்காவுக்கு தண்ணி வைக்கறவ, அந்தத் தண்டனைய மட்டும் ஏத்துக்கவே மாட்டேங்கறா.