ரஃப்ளர் ஃபுட்டில் மடிப்பு சீராக விழவில்லை, உதவுங்கள்

நூல்கண்டு:
குழந்தைக்கு ஃப்ராக் தைக்கிறேன். கீழ்ப்பகுதிக்குக் கையால் மடித்து, குண்டூசி குத்தி, அயர்ன் பண்ணி நேரம் போகிறதே என்று ரஃப்ளர் ஃபுட் (தைக்கும்போதே துணியை மடித்துவிடும், தையல் மிஷினில் மாட்டும் பாதம்) வாங்கினேன். அதில் உள்ள மடிப்பு எண்ணை 6-இல் வைத்துத் தைத்தால் முதல் நாலைந்து மடிப்பு அழகாக விழுகிறது. அப்புறம் விட்டுவிட்டு விழுகிறது, சில இடத்தில் துணி தட்டையாகவே போய்விடுகிறது. சத்தமும் பலமாக இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணி, தையல் நீளம் 2.5. ஃபுட்டில் கோளாறா, நான் மாட்டியது தப்பா?

பாபின்பெட்டி:
முதல் மடிப்புகள் நன்றாக விழுந்திருக்கின்றன, அதனால் ஃபுட்டில் கோளாறு இருக்காது. பக்கத்தில் கவை மாதிரி ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அது ஊசியைப் பிடித்திருக்கும் திருகைக் கவ்வி உட்கார வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது அந்தக் கைதான் உள்ளே இருக்கும் பல் தகட்டைத் தள்ளுகிறது. அதிர்வில் ஊசித் திருகு தைக்கத் தைக்கத் தளரும். விரலால் இறுக்கினால் போதாது, திருப்புளியால் இறுக்குங்கள். ஊசி நடுவில் இருக்கட்டும், நேர்த்தையல் மட்டும். ஜிக்ஜாக் வைத்தால் ஊசி இரும்பில் மோதி உடையும். மாட்டியதும் மிஷினை ஓட்டாமல் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

நூல்கண்டு:
திருகு தளர்ந்துதான் இருந்தது. இறுக்கியதும் சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் தட்டையாகப் போவது நிற்கவில்லை அக்கா.

ஊசிமுனை:
துணியை எங்கே நுழைத்தீர்கள்? ஃபுட்டில் மெல்லிய தகடு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மடிய வேண்டிய துணி அவை இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். கீழ்த்தகட்டுக்கு அடியில் போனால் பல் அதைத் தொடவே தொடாது. அடியில் உள்ள இடம் மடியக்கூடாத துணிக்கு. இடுப்புப் பட்டியை அங்கே வைத்து ஒரே தையலில் சேர்த்துவிடலாம். உங்களுக்கு ஆரம்பத்தில் சரியாக விழுவதால், துணி ஓரம் போகப் போக வழிகாட்டிப் பள்ளத்தை விட்டு விலகுகிறது என்று நினைக்கிறேன். மெல்லிய துணி அப்படித்தான் நழுவும். கஞ்சி தெளித்து அயர்ன் பண்ணுங்கள், மெதுவாகத் தையுங்கள், பின்னாலிருந்து இழுக்காதீர்கள்.

6 என்றால் ஆறு தையலுக்கு ஒரு மடிப்பு. நீளம் 2.5 மி.மீ. என்பதால் 15 மி.மீ.க்கு ஒன்று விழும். நெருக்கமாக வேண்டுமானால் நீளத்தை 2 ஆக்குங்கள், 12 மி.மீ.க்கு ஒன்றாகிவிடும். மடிப்பின் ஆழத்துக்குத் தனித் திருகு இருக்கிறது. எல்லாம் முடிவானதும் அதே துணியில் 50 செ.மீ. துண்டு வெட்டித் தைத்து அளந்து பாருங்கள். அதற்கு முன் ஃப்ராக் துணியில் கை வைக்க வேண்டாம்.

நூல்கண்டு:
விழுந்துவிட்டது! ஓரம் விலகியதுதான் காரணம். கஞ்சி போட்டதும் துணி பள்ளத்திலேயே நிற்கிறது. 50 செ.மீ. துண்டு 30 ஆகச் சுருங்கியது. இடுப்பு 60, அப்படியானால் 100 செ.மீ. போதும், தையலுக்கு விடுவது தனி. நான் 150 வெட்ட இருந்தேன்! முடிவில் ரிவர்ஸ் போட்டு நிறுத்தலாமா?

பாபின்பெட்டி:
வேண்டாம்மா, இந்த ஃபுட்டில் ரிவர்ஸ் போட்டால் மடிப்பு சிக்கிக்கொள்ளும். நூலை நீளமாக விட்டு வெட்டி, கையால் முடிச்சுப் போடு.