ஸ்டீராய்டு 5 மி.கி.க்கு வந்ததிலிருந்து தாங்க முடியாத அசதி

மதுரை, வயது 43. லூபஸுக்காக (நோய் எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்) பல வருஷமாக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறேன். 40 மி.கி.யில் ஆரம்பித்து 10 வரை சிக்கலில்லாமல் இறங்கியது. அப்புறம் மாதம் 1 மி.கி. வீதம் குறைத்து இப்போது 5-இல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

காலையில் ஓரளவு ஓடுகிறது. மதியத்துக்கு மேல் கை கால் விட்டுப்போகிறது. குக்கரை ஏற்றிவிட்டு, விசில் வருவதற்குள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. மூட்டு வீக்கம், காய்ச்சல் எதுவும் இல்லை.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரி. லூபஸ் கிளம்பியதாகவும் தெரியவில்லை. மாத்திரைக்கு முன்னால் எடுத்த காலை 8 மணி கார்டிசால் (அட்ரினல் சுரப்பி சுரக்கும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு) மட்டும் குறைவு. இத்தனை வருஷம் சும்மா கிடந்த அட்ரினல் சுரப்பி மறுபடி வேலையைத் தொடங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை 5-லேயே இருங்கள் என்கிறார் மருத்துவர். அப்படித்தான் இருக்கிறேன், "மாத்திரையை நிறுத்திவிட்டு கஷாயம் குடி" ரகப் பதில்கள் தயவுசெய்து வேண்டாம்.

மாத்திரையைக் காலை டிபனோடு போடுகிறேன். மதியம் குட்டித் தூக்கம், சாயங்காலம் மெதுநடை எல்லாம் பார்த்தாச்சு. காபியைக் கூட்டியதில் ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள், வேலைக்கும் போய்க்கொண்டு மதியத்துக்கு மேலான நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?